பலகையை அளந்து எஞ்சின் வாங்கு

பிள்ளையார்பாளையத்துத் தம்பிக்கு,

நாலடிக்கு மூன்றடிப் பலகையில் மாதிரி ரயில் ஓட்ட ஆசைப்படுகிறாய். தறி நிற்கும் வீட்டில் அதற்குமேல் இடம் கேட்க முடியாது. அந்த இடம் போதும். ஆனால் ஆறு அச்சு டீசல் எஞ்சினுக்குப் பணம் கட்டுமுன் அளவுநாடாவை எடு.

பலகையின் குறுகிய பக்கம் 91 செ.மீ. இரு ஓரத்திலும் 5 செ.மீ. விட்டால் வளைவின் ஆரம் 40 செ.மீ.தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, 24.5 செ.மீ. பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ரயில் நிம்மதியாக ஓடும், இரண்டு மடங்குக்குக் கீழே போனால் தொல்லை என்பது அனுபவக் கணக்கு. இரண்டு மடங்கே 49 செ.மீ.! உன் பலகையில் அது அடங்காது.

இதற்காக மனம் தளராதே. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். முழுவட்டம் போட 4 மீட்டர் அகலக் கூடம் வேண்டும். அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது?

எஞ்சினின் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. ஒரே சட்டத்தில் அசையாமல் பூட்டிய சக்கரங்களில் முதலுக்கும் கடைசிக்கும் எவ்வளவு தூரம் என்று பார். அது கூடினால் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி மேலேறி, தடம் புரளும். டீசலில் போகிகள் என்னும் சக்கரச் சட்டங்கள் தனித்தனியே திரும்புவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் மூக்கு வளைவுக்கு வெளியே நீண்டு, கப்ளிங் வழியே பின்னாலுள்ள பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். 36 செ.மீ. வளைவில் ஓடும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், நீளப் பெட்டிகளைக் கோத்துப் பார்க்காமல் நம்பாதே.

கூர்மையான வளைவுக்கு மலை ரயிலைப் பார்க்கலாம் என்றால் முதலில் ஊட்டி நினைவுக்கு வரும். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். உன் ஊர் காஞ்சிபுரம் வழியே போகும் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. நீலகிரியின் மிகக் கூர்மையான வளைவு 17.5 டிகிரி, அதாவது ஆரம் சுமார் 100 மீட்டர். எச்.ஓ.வில் அது 1.15 மீட்டர்! ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அந்த எக்ஸ் வகை எஞ்சினில் பிணைத்த சக்கரங்களும் எட்டு. பல்சக்கரத்தால் செங்குத்து ஏற்றத்தை வென்ற எஞ்சின் அது. உன் குறுகிய வளைவுக்கு ஏற்றதல்ல.

டார்ஜிலிங்கைப் பார். 610 மி.மீ. தடம். 1889 முதல் ஓடும் பி வகை எஞ்சினுக்கு நான்கே சக்கரம். தண்ணீர்த் தொட்டி கொதிகலன்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பாதையின் அகனி பாயின்ட் வளைவின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர். ஓஓ-9 அளவில், அதாவது 76-இல் ஒரு பங்காக்கினால், 24 செ.மீ. பெக்கோ விற்கும் ஓஓ-9 வளைவுத் துண்டு 9 அங்குலம், கிட்டத்தட்ட அதே அளவு. எதையும் சுருக்காமல் நிஜ வளைவையே உன் பலகையில் போடலாம்! இந்த வாய்ப்பு அகலப்பாதை மாதிரிக்காரருக்குக் கிடைக்காது. எஞ்சின் கிடைக்காவிட்டால் காட்டோவின் நான்கு சக்கர அடிச்சட்டம் வாங்கி மேல்கூட்டை நீயே செய். ஓஓ-9 காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அகலப்பாதைதான் வேண்டுமென்றால் சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்-4 போன்ற ஆறு சக்கர ஷண்டரும், குட்டைச் சரக்கு வேகன்களும் எடு. ஒரு வளைவு முடிந்ததும் எதிர்த்திசை வளைவைத் தொடங்காதே. நடுவில் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த்தடம் விடு. தடத்தை ஆணியடித்து நிரந்தரமாக்குமுன், உள்ளதிலேயே நீளமான பெட்டிகள் இரண்டைக் கோத்து, முன்னும் பின்னுமாகக் கையால் மெல்லத் தள்ளிப் பார். கப்ளிங் இறுகும் இடத்தில் பென்சிலால் குறி போட்டு, அந்த வளைவை அகட்டு.