முதல் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொற்பிழை திருத்தியின் மூல நிரலைப் பொதுவில் வைத்து எட்டு மாதமாகியும் கூட வேலை செய்ய ஆள் நிலைக்கவில்லை, நாலு பேர் எட்டிப் பார்த்ததோடு சரி என்று வருந்தியிருக்கிறாய். தமிழர்களுக்குப் பொதுவேலையில் ஆர்வம் போதாது என்ற முடிவுக்கும் வந்துவிட்டாய். அதை நான் ஏற்கவில்லை. விளம்பரம் எதுவும் இல்லாமலே நாலு பேர் தேடி வந்திருக்கிறார்களே, அதுவே உன் முடிவுக்கு எதிர்ச்சாட்சி. அவர்கள் அனுப்பியவற்றில் மூன்று இன்னும் பதிலில்லாமல் கிடக்கின்றன என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். குறை அங்கேதான் இருக்கிறது.

ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, தன்னிடம் வந்த தன்னார்வலர்களில் யார் தங்கினார்கள், யார் போனார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தது. முதன்முதலாக அனுப்பிய திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு கிடைத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஏழு நாளுக்கு மேல் காக்க வைக்கப்பட்டவர்கள் அநேகமாக ஒருவர்கூடத் திரும்பவில்லை. இதில் வியப்பில்லை. முதல் திருத்தத்தை அனுப்புகிறவர் பல இரவுகள் கண்விழித்து, அறிமுகமில்லாத ஒருவரின் நிரலைப் படித்து, கேலிக்கு ஆளாவோமோ என்ற தயக்கத்தோடுதான் அனுப்புகிறார். நீ வேலை மும்முரத்தில் இருக்கிறாய் என்பது அவருக்குத் தெரியாது. உன் மௌனத்தை ‘வேண்டாம்’ என்றே அவர் எடுத்துக்கொள்வார். கூலி இல்லாத இடத்தில் மனிதனைத் தங்கவைப்பது, தன் உழைப்பை ஒருவர் கவனித்துப் பார்த்தார் என்ற நிறைவு ஒன்றுதான்.

விரைவு மட்டும் போதாது. பதில், வந்தவரின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஒரு தமிழாசிரியர் உனக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள். ‘அப்பாவை பார்த்தேன்’ என்று தட்டினால் உன் கருவி பிழை காட்டுவதில்லை, இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், ‘அப்பாவைப் பார்த்தேன்’ என்றுதான் வர வேண்டும் என்கிறார். ‘கிட்ஹப்பில் இஷ்யூ போடுங்கள், டெஸ்ட்டோடு சேர்த்துப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள்’ என்று நீ எழுதினால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாய். அவருக்குப் பைத்தான் தெரியாது. உனக்குப் புணர்ச்சி விதி அவர் அளவுக்குத் தெரியாது. பிழையான தொடருக்கு ஒரு பத்தி, திருத்தத்துக்கு ஒரு பத்தி என்று ஓர் எக்செல் தாளை அனுப்பி, ‘இதுபோல முப்பது தர முடியுமா ஐயா?’ என்று கேள். அந்த முப்பதும் அப்படியே உன் சோதனைத் தொகுப்பில் போய் உட்காரும். பங்களிப்பாளர் பட்டியலில் நிரல் எழுதியவர்களுக்கு நடுவே அவர் பெயரையும் சேர். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு வேறு வகை. மாறியின் பெயர் சரியில்லை, இடைவெளி தவறு போன்ற சில்லறைக் குறைகளுக்காக அவரை மூன்று முறை அலைக்கழிக்காதே. நீயே திருத்திச் சேர்த்துவிட்டு, என்ன மாற்றினாய் என்பதை ஒரு வரியில் சொல். ஏற்க முடியாததென்றால் அதையும் காரணத்தோடு உடனே சொல்லிவிடு. மரியாதையான மறுப்பை எவரும் தாங்கிக்கொள்வார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கத்தை இந்தக் கண்ணோடு பார். அதற்கு முன்பே 1987-இல் பேராசிரியர் ஆன்ட்ரூ டனன்பாமின் மினிக்ஸ் இயங்குதளம் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்திய பலர் மேம்பாடுகளை எழுதியும் வைத்திருந்தார்கள். பாடம் நடத்துவதற்கான அமைப்பு எளிமையாகவே இருக்க வேண்டும் என்று டனன்பாம் பெரும்பாலானவற்றைச் சேர்க்கவில்லை. ஆசிரியராக அவர் செய்தது நியாயமே. 1991 ஆகஸ்டில் 21 வயது ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முயற்சியை அறிவித்தபோது, அந்த மினிக்ஸ் பயனர்களிடமேதான் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். வந்த திருத்தங்களைச் சேர்த்து அடுத்தடுத்துப் புதிய பதிப்புகளை வெளியிட்டார். தான் அனுப்பியது அடுத்த பதிப்பிலேயே ஓடுவதைப் பார்த்தவன் இன்னொன்றை அனுப்பாமல் இருப்பானா?

‘ஒருவர் நிரலைச் சரிபார்க்கும் நேரத்தில் நானே எழுதி முடித்துவிடுவேன்’ என்பாய். முதல் திருத்தத்துக்கு அது முழுக்க உண்மை. ஐந்தாவதற்கு உண்மையில்லை, அதற்குள் அவர் உன் நிரலை அறிந்தவராகிவிடுவார். எல்லாவற்றையும் தானே செய்யும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தைப் பார். உலக இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதி அதன்மேல் நின்றது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோதோ அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்.

‘கதவைத் திறந்தால் குப்பையும் வரும், திருடனும் வருவான்’ என்ற உன் அச்சம் இதைவிடக் கனமானது. 2020-இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு விழாவில் டி-ஷர்ட்டுக்காகப் பொருளில்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன; அடுத்து, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே பரிசு காட்டி ஆள் சேர்க்காதே. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. தனியாளாய்க் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் ஒரு புனைபெயர்க்காரர் சுமார் இரண்டு ஆண்டு பொறுமையாக உதவி, பொறுப்பைப் பெற்று, கள்ளவாசலை உள்ளே வைத்தார். எஸ்எஸ்ஹெச் என்ற தொலைக் கணினி உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவிய ஆன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளரால் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது. இதைக் காட்டிக் கதவைச் சாத்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு பாடம் சொல்கிறது. அந்தப் பராமரிப்பாளருக்குத் தோள் கொடுக்க முன்பே நாலு பேர் இருந்திருந்தால், ஒருவர் சேர்ப்பதை இன்னொருவர் பார்த்திருப்பார். பதில் எல்லோருக்கும் உரியது, சாவி அப்படியல்ல. அதைப் படிப்படியாகக் கொடு. யார் நிரலும், உன்னுடையது உட்பட, இன்னொரு கண் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்று விதி வை. அந்த இன்னொரு கண்ணுக்காகவாவது உனக்கு ஆள் வேண்டும்.

பதிலில்லாமல் கிடக்கும் அந்த மூன்றில் பழையதை முதலில் எடு. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, இன்று இரவே எழுது.

அன்புடன்,
அண்ணன்