வண்ணக் கண்ணாடி வேலை: கற்போம், கணக்குப் பார்த்துத் தொடங்குவோம்



மதுரை கீழவெளி வீதி மாதா கோவிலுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வெயில் வரும்போது சிவப்பும் நீலமுமாக நிறம் தெரியும். காரைக்குடிப் பக்கம் பழைய செட்டியார் வீடுகளிலும் ஜன்னலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி உண்டு. "இதெல்லாம் கப்பலில் வந்த சாமான், நமக்கெங்கே வரும்?" என்றுதான் நினைத்திருந்தோம். மேலூர், திருமங்கலம் பக்கத்துக் குழுக்களிலிருந்து நாங்கள் சிலர் இரண்டு நாள் தொடக்கப் பயிற்சிக்குப் போய் வந்தோம். அங்கே கற்றதை உங்களுக்குச் சொல்கிறோம்.

செய்யும் முறை

1. பூவோ இலையோ, படத்தைத் தாளில் வரைந்து ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட வேண்டும். இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை வெட்டிக் கண்ணாடி மேல் வைக்க, இன்னொன்று துண்டுகளை அடுக்கிப் பார்க்க.

2. கட்டர் சக்கரத்தில் துளி எண்ணெய் தொட்டு, ஒரே கோடாக இழுக்க வேண்டும். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் கண்ணாடி கோணலாக உடையும். முதல் நாள் எங்களில் பாதிப்பேர் இப்படித்தான் உடைத்தோம். பிறகு கோட்டின் இரு பக்கமும் பிடித்து, கட்டை விரலால் அழுத்தி ஒடித்தால் பட்டென்று பிரியும்.

3. ஓரத்தைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். காய்ந்த கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக் கொள்வது கட்டாயம்.

4. ஓரம் முழுக்கச் செம்பு டேப் ஒட்டி, துண்டுகளை அடுக்கி, ரேடியோ ரிப்பேர் கடையில் செய்வது போலச் சால்டரிங் வைத்து ஈயத்தால் பற்ற வைக்க வேண்டும்.

காரீயம், கவனம்!

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பற்ற வைக்கும் கம்பியில் பெரும்பாலும் காரீயமும் கலந்திருக்கும். அது விஷம். கையில் ஒட்டி, சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கர்ப்பிணிகளையும் பாதிக்கும். அதனால் அடுப்படியில் இந்த வேலை வேண்டாம். காற்றோட்டமான தனி இடத்தில் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள், சோறு பிசையாதீர்கள். காரீயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது, விலை கூடுதல். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது.

உழைப்பு நமது, பெயர் யாருக்கு?

இந்தச் செம்பு டேப் முறையில் விளக்குகள் செய்து உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து டிஃபனி கம்பெனி. அங்கே கண்ணாடி வெட்டப் பெண்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. கிளாரா டிரிஸ்கோல் என்ற பெண்மணி அதன் தலைவி. 1903இல் ஆண்களின் தொழிற்சங்கம் எதிர்த்ததால், அந்தப் பிரிவில் 27 பெண்களுக்கு மேல் கூடாது என்று முடிவானது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. தட்டான் பூச்சி விளக்கு முதலிய பெயர் பெற்ற வடிவங்கள் கிளாரா அமைத்தவை. விளக்கிலோ கம்பெனி பெயர்தான் இருந்தது. அவர் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களைப் படித்த ஆய்வாளர்கள் உண்மையை வெளியே கொண்டு வந்தார்கள். 2007இல் நியூயார்க்கில் அதற்கென்று கண்காட்சியே நடந்தது.

நாம் செய்யும் பொருளில் நம் குழுவின் பெயரை நாமே ஒட்டுவோம். யார் எத்தனை செய்தார்கள் என்பதை நோட்டில் எழுதி வைப்போம்.

கடன் கேட்பதற்கு முன்

பயிற்சி முடிந்த சூட்டில் கடன் வாங்கிச் சாமான் குவிக்க வேண்டாம். முதலில் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரே கட்டர், ஒரே சால்டரிங் வைத்து, பத்துச் சின்னத் தொங்கல்கள் செய்யுங்கள். கண்ணாடி, டேப், ஈயம், கரண்ட், உடைந்து போனது, நம் கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை சொன்னால் நம் உழைப்பை இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். பத்தும் அந்த விலைக்கு விற்றதா? அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம். விற்கவில்லையா? நஷ்டம் பத்துத் தொங்கலோடு போகும், சேமிப்பு தப்பிக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் பிள்ளைகள் வராத, காற்றோட்டமான இடம் எது?
• ஒரு தொங்கலுக்கு எத்தனை மணி நேரம்? அதற்கு என்ன கூலி?
• யார் வாங்குவார்கள்? அவர்களிடம் நேரில் கேட்டோமா?

உடையும் என்று பயந்து கண்ணாடியைத் தொடாமல் இருந்தோம். முறையாக ஒடிக்கக் கற்றதும் பயம் போய்விட்டது. கணக்கும் அப்படித்தான் சகோதரிகளே, எழுதிப் பழகினால் நம் வசப்படும்.