பட்டறையில் படித்த கை



தாராபுரத்தில் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூர் போய், பிரிண்டிங் பட்டறையில் நாள் முழுக்க நின்று, இரவு வீட்டுக்கு வந்த பிறகு படம் வரைய உட்காருகிற உனக்கு இதை எழுதுகிறேன். அமராவதிக் கரையிலும் நொய்யல் கரையிலும் உன்னைப் போன்ற பிள்ளைகள் பலர் உண்டு. எல்லோருக்கும் ஒரே மனக்குறை: சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, வயிற்றுப்பாட்டுக்குப் பார்க்கிற வேலை கலைக்கு வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. முதல் குறையில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆசான் இல்லாமல் வளர்ந்த ஒரு பெரிய கலைஞரின் வாழ்க்கையைக் கிட்டப்போய்ப் பார்த்தால், பகலில் பார்த்த வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது தெரியும். அவருடைய ஆன்மிகமும் அந்த வேலையை ஒட்டித்தான் வளர்ந்தது.

அவர் பெயர் நேக் சந்த். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெரியான் கலான் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரைப் பறிகொடுத்து இந்தியாவுக்கு வந்து, புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சண்டிகரில் 1950களின் தொடக்கத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே திட்டமிட்ட நகரம் அது. அதற்கு இடம் விடுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பீங்கான், வளையல், சைக்கிள் எலும்புக்கூடு என்று அந்த வீடுகளில் மிஞ்சியதை நேக் சந்த் பொறுக்கினார். சிவாலிக் மலையடிவார ஓடைகளில் விசித்திர உருவம் கொண்ட கற்களைத் தேடி எடுத்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். சுக்னா ஏரியை ஒட்டி, கட்டடம் எழுப்பத் தடை இருந்த வனப்பகுதியில் ஒரு பள்ளத்தைத் திருத்தி, வேலை முடிந்த மாலைகளிலும் இரவுகளிலும் யாருக்கும் சொல்லாமல் ஓர் உலகத்தைக் கட்டினார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1970களில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. அதற்குள் ஏக்கர் கணக்கில் முற்றங்களும், அவற்றில் நூற்றுக்கணக்கான மனித, மிருக உருவங்களும் எழுந்திருந்தன. சட்டப்படி இடித்திருக்கலாம். ஊர் மக்களின் ஆதரவால் அது தப்பியது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஐம்பது ஆட்களும் தந்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ வந்தது. 2015இல், 90 வயதில் அவர் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரவையும் ரகசியத்தையும்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பகல்தான் முக்கியம். சிமென்ட்டில் எவ்வளவு மணல் சேர்த்தால் நிற்கும், எப்போது இறுகும், எத்தனை நாள் நனைத்து வைக்க வேண்டும் என்பது சாலைப் பணியில் இருக்கிறவனுக்கு அன்றாடப் பாடம். இரும்புக் கம்பி உள்ளே போகாத காரை வெடிக்கும் என்பதும் அப்படித்தான். அவர் உருவங்களை எப்படிச் செய்தார் என்று பார். பழைய சைக்கிளின் சட்டம் மிருகத்தின் உடல், முன்கவை கால், சீட்டு தலை. அதன்மேல் காரையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் உடைந்த வளையலையும் பீங்கானையும் பதித்துத் தோல் கொடுத்தார். கலைக் கல்லூரியில் களிமண்ணும் பாரிஸ் சாந்தும் கையாளக் கற்றிருந்தால் சைக்கிள் சீட்டில் ஆட்டின் முகம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கற்களைத் தவிர மற்றப் பொருளை அவர் தேடிப் போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை அவரை எங்கே நிறுத்தியதோ அங்கே கிடந்த பொருளை முழுதாக அறிந்துகொண்டார். கந்தல் துணியிலும் ஆளுயரப் பொம்மைகள் செய்திருக்கிறார். பனியன் ஊரில் வேலை பார்க்கிற நீ இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏனென்றால் உன்னிடமும் அப்படி ஓர் அறிவு இருக்கிறது, நீ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சிங்கிள் ஜெர்சித் துணியை வெட்டினால் பக்க ஓரம் பின்பக்கமாகச் சுருளும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்பக்கமாகச் சுருளும். ஒரு கீற்றை வெட்டி இழுத்தால் தானே உருண்டு கயிறாகிவிடும். நிட்டிங் துணியில் அச்சடித்த முகம், போட்டவரின் நெஞ்சகலத்துக்கு ஏற்ப விரியும். நான்கு கலர் டிசைனில் ஒரு ஸ்கிரீன் இம்மியளவு நகர்ந்தாலும் கண்ணும் புருவமும் பிரிந்துவிடும். இதெல்லாம் உன் விரல்களுக்குத் தெரியும், காகிதத்தில் வரைந்தே பழகியவருக்குத் தெரியாது. கட்டிங் டேபிளுக்கு அடியில் குவியும் வேஸ்ட் கலர் கலராகப் பிரிக்கப்பட்டு, மறுபடி நூலாவதற்கு மில்லுக்குப் போகிறது. அந்தக் குவியலில் ஒரே சிவப்பின் எத்தனையோ சாயல்களை நீ தினமும் பார்க்கிறாய். அப்படியிருந்தும் இரவில் வரைய உட்கார்ந்தால், எவரோ எங்கோ வரைந்த படத்தைப் போனில் பார்த்து நகல் எடுக்கிறாய். இதைத்தான் நீ மாற்ற வேண்டும் என்கிறேன்.

இதில் ஆன்மிகம் எங்கே வந்தது என்று நீ கேட்கலாம். நேக் சந்த் தன் தோட்டத்தைத் தேவர்களும் தேவதைகளும் வாழும் ராஜ்ஜியமாகக் கண்டவர். பொறுக்கி வந்த கற்களில் அவருக்கு முகங்கள் தெரிந்தன. அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகள் அவருக்குள் ஊறிக் கிடந்தன. ஆனால் தரிசனம் கிடைத்தது, உடனே கலை பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இதை நம் ஊர்க் கதை ஒன்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. பெரியபுராணத்தில் வரும் பூசலார் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் சேரவில்லை, மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய அரசனிடம், அதே நாளில் பூசலார் கோயிலுக்கும் குடமுழுக்கு என்பதால் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி இறைவனே கனவில் வந்ததாகக் கதை. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சேக்கிழார் பூசலாரை எப்படிக் கட்ட வைக்கிறார் என்று பார். மனத்துக்குள் கட்டும் கோயிலுக்கும் தச்சர் வேண்டும், கடைக்கால் நாட்ட நல்ல நாள் வேண்டும். அடித்தளத்தில் தொடங்கிச் சிகரம் வரை வரிசை தப்பாமல் வேலை நடக்கிறது. சுதை வேலை முடிகிறது, கிணறும் குளமும் வெட்டுகிறார், மதிலும் எழுகிறது. நினைப்புதானே என்று ஒரு படியைக்கூட அவர் தாண்டவில்லை. செலவில்லாத இடத்திலும் சுருக்குவழி தேடாத இந்த ஒழுங்கைத்தான் நான் ஆன்மிகம் என்கிறேன். யாரும் பார்க்காத காட்டில் நேக் சந்த் காரையை முறையாக நனைத்து ஆற வைத்ததும் அதே ஒழுங்கு. உந்துதல் இதற்குப் பின்னால் வரும். வராத நாளிலும் கைக்கு வேலை இருக்கும்.

தானாகக் கற்றவன் என்ற பெயரில் அரைகுறை வேலைக்குச் சாக்குச் சொல்லும் ஆபத்து இதில் இருக்கிறதே என்று கலைக் கல்லூரியில் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தானாகக் கற்றவர் என்று நாம் கொண்டாடும் ஓவியர் ரவி வர்மாவையே எடுத்துக்கொள். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தின் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து கற்றுத்தந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் திருவனந்தபுரம் வந்த ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் எடுக்கவில்லை, வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். அந்தப் பார்வையே ரவி வர்மாவுக்குப் போதுமான கல்வியாயிற்று. அவருக்கு முறையான ஆசான் கிடைக்கவில்லை, ஆனால் கற்பதை அவர் நிறுத்தவே இல்லை. உன் பட்டறையில் கலர் மாஸ்டர் பேஸ்ட் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார். கேட்கக் கூச்சப்படாதே. கை விரல் வரையத் தெரியாததைத் தன் பாணி என்று சொல்லிக்கொள்கிறவன் கற்பதை நிறுத்திவிட்டான். நீ அப்படிச் சொல்லிவிடாதே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நீயே சொல்வாய். நேக் சந்துக்கு அரசு வேலை, நிரந்தரச் சம்பளம், மாலையில் விடுதலை. உனக்கு ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேல், போய்வரும் வழியில் நூறு கிலோமீட்டர் பயணம். இந்த வித்தியாசத்தை நான் மழுப்ப மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பிடம் கலை கேட்பது கொடுமை. அந்தக் களைப்பைத் தவம் என்று புகழ்கிறவர்களை நம்பாதே. வேலை நேரம் குறைய வேண்டும், கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி கூலி வேண்டும் என்று கேட்பதும் ஒரு கலைஞன் செய்ய வேண்டிய காரியம்தான். வேலை பள்ளிக்கூடமாக இருக்கும் என்று நான் சொல்வது, முதலாளி சொல்கிற நேரமெல்லாம் நிற்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் இன்றைய நிலைமையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பெரிய படங்களுக்குத் திட்டம் போட்டு, முடியாமல் நொந்துபோவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முழத் துணித்துண்டில் முடிகிற வேலையை எடு. நேக் சந்தும் அந்த ராஜ்ஜியத்தைக் கூடை கூடையாகத்தான் சேர்த்தார்.

அவரிடம் நீ எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. புறம்போக்கிலோ வனத்திலோ கட்டத் துணியாதே. அவருக்கு மக்கள் துணை நின்றார்கள், எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. அவருக்கே 1990 வாக்கில் தோட்டத்தின் ஒரு பகுதியைச் சாலைக்காக இடிக்க வந்தபோது ஊர் கைகோத்து நின்றுதான் தடுக்க வேண்டியிருந்தது. அவரைப் போல எல்லாவற்றையும் மறைத்து வைக்கவும் வேண்டாம். உன் துணித்துண்டுகளை முதலில் டெய்லருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் காட்டு. தையல் எங்கே இழுக்கிறது, துணி எங்கே முறுக்குகிறது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள். பிளஸ் டூ சான்றிதழைப் பத்திரமாக வைத்திரு. கும்பகோணத்திலோ சென்னையிலோ உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க என்றைக்காவது வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், தயங்காமல் போ. அங்கே காட்ட, போனைப் பார்த்து வரைந்த நகல்களுக்குப் பதிலாக நீ அச்சடித்து, வெட்டி, தைத்துச் செய்த பனியன் துணி வேலைகளை எடுத்துப் போ.