உப்புக் காத்துல கம்பி எத்தனை நாள் தாங்கும்?

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், கம்பி இழுவிசையைத் தாங்கும். இது சிவில் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். ஆனா கடல்ல கட்டும்போது மூணாவதா ஒரு ஆள் வந்து நிக்கும். அதுதான் உப்பு.

முதல்ல கம்பிக்கு என்ன ஆகுதுன்னு பார்ப்போம். கான்கிரீட்டுக்குள்ள காரத்தன்மை அதிகம், பிஎச் 12.5-க்கு மேல இருக்கும். அதனால கம்பியைச் சுத்தி ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருப்பிடிக்காம காப்பாத்துது. கடல் தண்ணியில இருக்கிற குளோரைடு, நுண்துளைகள் வழியா மெதுவா உள்ளே போய் அந்தப் படலத்தை உடைச்சிடும். துருவுக்கு, கரைஞ்சுபோன இரும்பை விட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடம் வேணும். உள்ளே இடம் இல்லாததால கான்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்ந்து விழுது.

முழுசா மூழ்கின பகுதிதான் ரொம்ப மோசம்னு நினைப்போம். இல்லை. அங்கே ஆக்சிஜன் குறைவு. அலையில நனைஞ்சு, வெயில்ல காய்ஞ்சு, மறுபடி நனையுற பகுதிக்குத்தான் ஆபத்து அதிகம். உப்பும் சேருது, காத்தும் கிடைக்குது.

இதுக்கு என்ன வழி?

1. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி: இதுல குறைஞ்சது 10.5% குரோமியம் இருக்கும். மெக்சிகோவில் ப்ரொக்ரெசோ என்ற ஊர்ல 1937–41-ல் கட்டின கடல் பாலத்துல 304 ரகக் கம்பி போட்டாங்க. அது இன்னும் நிக்குது. பக்கத்துல பிற்பாடு சாதாரணக் கம்பி போட்டுக் கட்டினது எப்பவோ இடிஞ்சு போச்சு. விலை பல மடங்கு அதிகம். அதனால அலை அடிக்கிற பகுதிக்கு மட்டும் போடுறதும் உண்டு.

2. எபாக்சி பூசின கம்பி: அமெரிக்காவில் ஃப்ளோரிடா கீஸ் பாலங்கள்ல இதை நம்பிப் போட்டாங்க. கட்டி பத்து வருஷம் ஆகறதுக்குள்ளயே தூண்கள்ல துரு தெரிஞ்சுது. பூச்சுல சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கே துரு ஆரம்பிச்சிடும்.

3. கண்ணாடி இழைக் கம்பி: துருவே பிடிக்காது, எடையும் குறைவு. ஆனா ஸ்டீல் மாதிரி வளைஞ்சு முன்கூட்டியே எச்சரிக்காது, சட்டுனு உடையும். விறைப்பும் ஸ்டீல்ல கால் பங்குதான். அதனால ஸ்டீலுக்குப் போட்ட டிசைனை அப்படியே இதுக்குப் போட முடியாது.

4. ஃப்ளை ஆஷ், ஸ்லாக் கலந்த கான்கிரீட்: நுண்துளைகள் சின்னதாகிறதால குளோரைடு உள்ளே வர நாளாகும். ஆனா நல்லா க்யூரிங் பண்ணாத்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

நம்ம ஊர் உதாரணம் பாம்பன். 1914-ல் திறந்த பழைய பாலத்துல, தூக்குப் பகுதி பலவீனமானதால 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும், பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் பயன்படுத்தியிருக்காங்க.

இவ்வளவும் படிச்சிட்டு ஒண்ணை மறந்துடக் கூடாது. கம்பிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிறது சில சென்டிமீட்டர் கவர் மட்டும்தான். கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லித் துண்டை வெச்சு, வைப்ரேட்டரையும் சரியா ஓட்டலைன்னா, எந்த விலையுயர்ந்த பொருளா இருந்தாலும் அதோட ஆயுசு குறையும். நாளைக்கு சைட்டுக்குப் போனா, கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து கவரை அளந்து பாருங்க.