ஊராட்சி இணையதளமும் உள்வழித் தொடர்பும்

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை ஊரார் அனைவரும் எளிதிற் பார்த்தறிய வேண்டும் என்பது மக்களாட்சியின் முதற் பாடமாகும். இந்நோக்கத்துடன் ஓர் ஊராட்சி மன்றம் தன் அலுவலகத்திலேயே ஒரு சிறு கணினியை நிறுவி, அதில் ஊருக்கென ஓர் இணையதளத்தை அமைத்திருப்பதாகக் கொள்வோம். கிராம சபைத் தீர்மானங்கள், கணக்கு விவரம், மழையளவு, ஏரியின் நீர்மட்டம் ஆகியவை அதில் இடம் பெறுகின்றன.

வெளியூரில் பணியாற்றும் இளைஞர் இத்தளத்தைத் தடையின்றிப் பார்க்கிறார். ஆனால், அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக்கு வந்து, அலுவலகத் தாழ்வாரத்தில் அமர்ந்து, அலுவலக வைஃபை வழியாகத் தம் கைப்பேசியில் அதே பெயரைத் தட்டும் விவசாயிக்கோ பக்கம் திறப்பதில்லை. "வெளியூரில் தெரிவது உள்ளூரில் ஏன் தெரியவில்லை? கணக்கை மறைக்கிறார்களோ?" என்னும் ஐயம் எழுகிறது. குறை மன்றத்தாரிடம் இல்லை, வழியமைப்பில் உள்ளது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

இருவகை முகவரிகள்

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் எண் வேண்டும். பழைய முறையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. இவை உலகிற்குப் போதா. ஆதலின், உள் உபயோகத்திற்கென்று சில எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டு வகுத்த விதியே இன்றும் வழக்கிலுள்ளது. 192.168 எனத் தொடங்கும் எண்கள் அவற்றைச் சேர்ந்தவை. அவை கட்டடத்திற்குள் மட்டுமே செல்லும்.

நமது அலுவலகத்தில் தளத்தைத் தாங்கும் கணினியின் எண் 192.168.1.10 என்றும், விவசாயியின் கைப்பேசி பெற்ற எண் 192.168.1.20 என்றும், வெளி உலகு அறிந்த ரவுட்டரின் எண் 203.0.113.25 என்றும் வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை ரவுட்டர் வாங்கி, உள்ளேயிருக்கும் 192.168.1.10-க்கு அனுப்புகிறது.

மக்கள் எண்ணை நினைவில் வைப்பதில்லை, பெயரையே தட்டுகின்றனர். பெயரைக் கேட்டு எண்ணைக் கூறும் பதிவேட்டு முறைக்கு டி.என்.எஸ். என்று பெயர். இதனை 1983-ஆம் ஆண்டில் வகுத்தவர் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர். நமது தளத்தின் பெயரை யார் கேட்டாலும் இப்பதிவேடு 203.0.113.25 என்றே விடை கூறும்.

கோளாறு எங்கே?

அடுத்த வீட்டுக்காரருக்கு ஒருவர் அஞ்சலகத்தின் வழியாகக் கடிதம் எழுதுகிறார். அடுத்த வீட்டுக்காரரோ, எழுதியவர் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று பதிலை நேரே கொண்டுவந்து கொடுக்கிறார். எழுதியவரோ, "அஞ்சலகத்திலிருந்து வரும் பதிலையே எதிர்பார்த்தேன், இது எனக்கு வேண்டாம்" என்று மறுத்துவிடுகிறார்.

இதுவே இங்கும் நிகழ்கிறது. கைப்பேசி 203.0.113.25-க்குக் கோரிக்கை விடுக்கிறது. ரவுட்டர் அதனை உள்ளே திருப்பினாலும், தளக்கணினி 192.168.1.20-க்கு நேரே பதில் அனுப்புகிறது. தான் கேட்காத 192.168.1.10-இலிருந்து பதில் வருவதால் கைப்பேசி அதைத் தள்ளிவிடுகிறது. சில ரவுட்டர்கள் கோரிக்கையைத் திருப்புவதே இல்லை.

பரிகாரங்கள் இரண்டு

முதலாவது, ரவுட்டரையே இரு வழியிலும் இடைநிற்கச் செய்தல். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போலக் கோரிக்கை சென்று திரும்புவதால் இதனை ஹேர்பின் நாட் என்பர். ரவுட்டரில் இவ்வசதி இருப்பின் அதனை இயக்கினால் போதும். எனினும், உள்ளிருந்து வருவோர் அனைவரும் ரவுட்டரே எனத் தளத்தின் குறிப்பேட்டில் பதிவாகும். மேலும், பெயரை வினவ வெளியே செல்ல வேண்டியிருப்பதால், புயல் மழையில் வெளித்தொடர்பு அறுபட்டால் தளமும் கிட்டாது.

இரண்டாவது, உள்ளூருக்கென ஒரு டி.என்.எஸ். பதிவேடு வைத்தல். அது உள்ளிருப்போருக்கு 192.168.1.10 என்றும், வெளியிலுள்ள பதிவேடு ஏனையோருக்கு 203.0.113.25 என்றும் விடை கூறும். வெளித்தொடர்பு அறுபட்ட வேளையிலும், மின்சாரம் இருக்கும்வரை, ஏரி நீர்மட்டத்தை அலுவலகத்தில் பார்க்கலாம். இதுவே சாலச் சிறந்தது.

செய்முறை

1. தளக்கணினிக்கு மாறாத உள் எண்ணை ரவுட்டரில் ஒதுக்குக.

2. டி.என்.எஸ்.மாஸ்க் போன்ற இலவச மென்பொருளில் தளத்தின் பெயரையும் உள் எண்ணையும் ஒரு வரியாக எழுதுக. சில ரவுட்டர்களில் இவ்வசதி உடன் வருகிறது.

3. அலுவலக வைஃபையில் சேரும் கருவிகள் யாவும் இவ்வுள்ளூர்ப் பதிவேட்டையே கேட்குமாறு ரவுட்டரில் குறிப்பிடுக. இரண்டாவதாக வெளிப் பதிவேடு ஒன்றைச் சேர்த்தல் கூடாது. சேர்த்தால் சில வேளை பழைய கோளாறே திரும்பும்.

4. அலுவலக வைஃபையில் ஒருமுறையும், கைப்பேசியின் சொந்த இணைப்பில் ஒருமுறையும் தளத்தைத் திறந்து சோதித்துப் பார்க்க.

கவனிக்க வேண்டியவை

எண்ணை நேரே தட்டுமாறு மக்களுக்குச் சொல்லற்க. பாதுகாப்புச் சான்றிதழ் பெயருக்கே வழங்கப்பட்டிருப்பதால் உலாவி எச்சரிக்கை காட்டும், மக்கள் அஞ்சுவர். ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எண்ணை எழுதிவைத்தலும் நன்றன்று. மடிக்கணினியை வீட்டிற்கு எடுத்துச் சென்றால் தளம் திறவாது. உள்ளூர்ப் பதிவேட்டைக் கேளாமல் மறைவழியில் வெளிப் பதிவேட்டை நாடும் அமைப்பு சில கைப்பேசிகளில் இருக்கலாம். யாரேனும் ஒருவருக்கு மட்டும் பக்கம் திறக்கவில்லையெனில் இதனை முதலில் ஆராய்க. பொதுமக்களின் வைஃபையை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்து, தளத்திற்கு மட்டும் வழி விடுதல் நலம்.

அடுத்த கிராம சபைக்கு முன் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் தாழ்வாரத்தில் அமர்ந்து, அலுவலக வைஃபையில் தம் ஊர்த் தளத்தைத் திறந்து பார்ப்பாராக. கணக்கை எழுதுவது மட்டும் போதாது; கேட்பவர் கண்முன் அது விரியவும் வேண்டும். அப்போதே ஊராரின் நம்பிக்கை நிலைபெறும்.