பிராணனும் செவிலியர் பணியும்: ஒரு விசாரம்

நோயாளியின் அருகில் நாள் முழுவதும் நிற்பவர் மருத்துவர் அல்லர்; செவிலியரே. மருந்தை உரிய வேளையில் கொடுப்பதும், புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், நள்ளிரவில் எழும் முனகலைக் கேட்டு அருகில் வந்து அமர்வதும் அவருடைய கடமைகள். இத்தகைய பணியில் ஈடுபட்டிருக்கும் பக்தர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது. உடலினுள் பிராணன் இயங்குகிறது என்று சாஸ்திரம் கூறுகிறது. அந்தப் பிராணனைக் கைகளால் உணர்ந்து, சீர்செய்து, நோயைத் தணிக்கலாம் என்று சில சிகிச்சை முறைகள் கூறுகின்றன. அப்படியானால், மருத்துவமனையில் சீருடை அணிந்து பணிபுரியும் செவிலியர் அவற்றைத் தம் தொழிலின் ஒரு பகுதியாகக் கொள்ளலாமா?

வேதாந்த ஆசாரியர்கள் ஒரு பொருளை ஆராயும்போது விஷயம், ஐயம், பூர்வபக்ஷம், சித்தாந்தம், சங்கதி என்ற ஐந்து உறுப்புகளைக் கொண்ட அதிகரண முறையைப் பின்பற்றினர். எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்த பிறகே முடிவைக் கூறவேண்டும் என்பது அம்முறையின் சிறப்பு. இக்கேள்வியையும் அவ்வழியிலேயே ஆராய்வது பொருத்தமாகும்.

விஷயம்

ஆராயப்படும் பொருள் கற்பனையானதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்வித் துறையின் தலைவராக இருந்த மார்த்தா ராஜர்ஸ் 1970இல் வெளியிட்ட நூலில், மனிதனையும் அவனது சூழலையும் ஆற்றல் புலங்களாகக் காணும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த டோலரஸ் கிரீகர், பிரம்மஞான சபையைச் சேர்ந்த டோரா குன்ஸ் அம்மையாருடன் இணைந்து 1972இல் 'தெரப்யூடிக் டச்' என்ற முறையை உருவாக்கினார். பெயரில் தொடுதல் இருந்தாலும், பெரும்பாலும் தொடாமலே செய்யப்படும் முறை இது. செவிலியர் முதலில் தம் மனத்தை ஒருமுகப்படுத்துகிறார். பின்னர் நோயாளியின் உடலுக்குச் சில அங்குலங்களுக்கு மேல் கைகளை நகர்த்தி ஆற்றல் புலத்தை உணர முற்படுகிறார். அதில் தடையோ குலைவோ இருப்பதாகத் தோன்றினால் கைவீச்சினால் அதைச் சீராக்குகிறார். இறுதியில் விளைவை மதிப்பிடுகிறார். இதை விளக்கக் கிரீகர் அம்மையார் கையாண்ட சொற்களுள் ஒன்று 'பிராணா' என்பதே.

அமெரிக்கச் செவிலியரிடையே இம்முறை விரைவாகப் பரவியது. நோயாளியின் நிலையைப் பதிவு செய்வதற்காகச் செவிலியர் பயன்படுத்தும் 'நாண்டா' என்ற அமைப்பின் பட்டியலில், 1994இல் 'ஆற்றல் புலக் குலைவு' என்பதும் ஒரு நிர்ணயமாக இடம்பெற்றது. போதிய ஆதாரம் இல்லை என்று பின்னர் அது நீக்கப்பட்டது. 2018–2020 பதிப்பில் சற்றே மாறிய பெயருடன் மீண்டும் சேர்க்கப்பட்டது. வழக்கு இன்னும் தீரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஐயம்

ஐயம் இரு பக்கமும் இழுக்கிறது. பிராணன் உண்மை எனில், அதைக்கொண்டு நோயாளிக்கு உதவாதிருப்பது குறையல்லவா? நிரூபிக்கப்படாதது எனில், அதை நோயாளியின் மீது பயன்படுத்துவது பிழையல்லவா?

பூர்வபக்ஷம்

ஆதரிப்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, சாஸ்திரத்தின் சான்று. தைத்திரீய உபநிஷதம் அன்னமய கோசத்தினுள் பிராணமய கோசத்தைக் காட்டுகிறது. பிராணன் ஐந்தாகப் பிரிந்து உடலைத் தாங்குவதைப் பிரச்ன உபநிஷதம் விளக்குகிறது. சுவாமி விவேகானந்தரும் 1896இல் வெளிவந்த தமது 'ராஜயோகம்' நூலில் பிராணனால் நோய் நீங்குவதைப் பற்றிப் பேசுகிறார்.

இரண்டாவது, அனுபவத்தின் சான்று. இம்முறைக்கு உட்பட்ட நோயாளிகள் பலர் மன அமைதி அடைந்ததாகவும், வலி தணிந்ததாகவும் கூறியுள்ளனர். அவர்கள் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது, காலத்தின் தேவை. கருவிகள் பெருகிய மருத்துவமனையில் நோயாளி ஒரு படுக்கை எண்ணாகக் குறுகிவிடுகிறான். அவனை முழு மனிதனாகக் காணும் பார்வை எதுவாயினும் அது வரவேற்கத்தக்கது.

சித்தாந்தம்

மூன்று காரணங்களிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு சரியானதன்று. ஒவ்வொன்றாகக் காண்போம்.

சாஸ்திரச் சான்று: ஒவ்வொரு பிரமாணத்துக்கும் உரிய எல்லை உண்டு என்பது வேதாந்தத்தின் அடிப்படைப் பாடம். கண் நிறத்தை அறியும், ஓசையை அறியாது. காட்சியாலும் அனுமானத்தாலும் அறியத்தக்கவற்றில் அவற்றுக்கு முரணாகச் சுருதியைப் பிரமாணமாகக் கொள்ளக் கூடாது என்பதைச் சங்கரர் கீதை உரையில் (18.66) ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறார். ஒரு மருந்தோ கைவீச்சோ நோயைத் தணிக்கிறதா என்பது காட்சியின் எல்லைக்குள் வரும் கேள்வி. அதற்குச் சோதனையே விடை தரவேண்டும். உபநிஷதம் பிராணமய கோசத்தைக் காட்டியதன் நோக்கமும் சிகிச்சையன்று. அன்னமயத்தை 'நான்' என்று எண்ணுபவனைப் பிராணமயத்துக்கும், அங்கிருந்து மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் வழியாக ஆத்மாவுக்கும் படிப்படியாக அழைத்துச் செல்வதற்கே அந்த உபதேசம்.

சுவாமிஜியின் கருத்தையும் முழுமையாகக் கொள்ளவேண்டும். பிராணனால் நோய் நீக்கும் ஆற்றலை அவர் தம் பிராணனை முற்றிலும் அடக்கியாண்ட தூய மனிதருக்கே உரியதாகக் கூறுகிறார். சில நாள் வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் பெற்றவர் அத்தகைய அதிகாரி ஆகமாட்டார். பதஞ்சலி முனிவரோ சித்திகளைச் சமாதிக்கு இடையூறு என்றே கூறிவிட்டார்.

அனுபவச் சான்று: நோயாளி அமைதி அடைந்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் எது? ஒருவர் இருபது நிமிடம் அவசரமின்றி அருகில் நின்றார். அவருடைய முகத்தில் கருணை இருந்தது. அறையில் அரவம் அடங்கியது. நலம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. இவற்றுள் எதுவும் காரணமாகலாம். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த நியாயத்தை அறிந்தவர்கள், ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னதைக் காரணம் என்று கொள்ளமாட்டார்கள். இக்காரணங்களைப் பிரித்தறியவே சில ஆய்வுகளில், மனத்திற்குள் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு கைகளை மட்டும் அசைக்கும் போலிச் சிகிச்சையும் ஒப்பீட்டுக்காகக் கையாளப்பட்டது.

மேலும் அடிப்படையான சோதனை ஒன்றை ஒரு சிறுமி செய்தாள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா, ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் பயிற்சிக்காக இதைத் தொடங்கினாள். தெரப்யூடிக் டச் பயின்றவர் ஒரு மறைப்பின் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டவேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, வலக்கை அல்லது இடக்கைக்குச் சிறிது மேலே தன் கையைப் பிடிப்பாள். தன் எந்தக் கையருகே சிறுமியின் கை இருக்கிறது என்பதை அவர் உணர்ந்து கூறவேண்டும். 21 பேர் பங்கேற்றனர். மொத்தம் 280 முயற்சிகள். வெறுமனே ஊகித்தாலே 140 முறை சரியாக வந்திருக்கும். அவர்கள் சரியாகக் கூறியது 123 முறை, அதாவது நூற்றுக்கு 44. இவ்வாய்வு 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அப்போது எமிலிக்கு வயது 11.

இச்சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதில் நிதானம் வேண்டும். கைகளால் ஆற்றல் புலத்தை உணர்கிறோம் என்ற உரிமை பொய்த்தது. அவ்வுணர்வே இல்லையெனில், அதன்மேல் எழுப்பப்பட்ட நிர்ணயமும் சீராக்கமும் நிற்க இடமில்லை. ஆனால் அருகில் அமர்ந்த செவிலியரால் நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கவில்லை என்று அது கூறவில்லை. உபநிஷதத்தின் பிராணன் இல்லை என்றும் அது கூறவில்லை. அதை அச்சோதனை தொடவே இல்லை. 'ஆற்றல்' என்பது இயற்பியலில் அளவும் அலகும் உடைய சொல். அளக்க இயலாத ஒன்றை அப்பெயரால் அழைத்து, அறிவியலின் மதிப்பை அதற்குக் கடனாகப் பெறுவது அறிவியலுக்கும் நன்மையன்று, சாஸ்திரத்துக்கும் பெருமையன்று. நாளை ஒரு கருவி அந்த 'ஆற்றலை' மறுத்தால், உபநிஷதமே தோற்றதுபோல் எளியவர்கள் கலங்குவார்கள்.

காலத்தின் தேவை: இங்கேதான் உண்மையான இழப்பு நேரக்கூடும். அறுவைச் சிகிச்சை முடிந்த இரவு, நோயாளி ஒருவர் காரணமின்றி அமைதி இழந்து புரள்கிறார் என்று கொள்வோம். அந்த அமைதியின்மை உடலில் பிராணவாயு குறைவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே குருதி கசிவதாலோ, சிறுநீர் தேங்கி நிற்பதாலோ நேர்ந்திருக்கலாம். நாடியையும் சுவாசத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து உடனே மருத்துவரை அழைக்கும் செவிலியர் ஓர் உயிரைக் காக்கிறார். 'ஆற்றல் புலம் குலைந்திருக்கிறது' என்று கருதிக் கைவீசி நிற்பவர், தம் நல்லெண்ணம் அனைத்துடனும் அந்த நிமிடங்களை இழந்துவிடுகிறார். முழு மனிதனைக் காண்பதாகக் கூறும் பார்வை, கண்ணெதிரே உள்ள மனிதனைக் காணத் தவறினால் அதனால் பயன் என்ன?

இன்னொரு தர்மமும் உண்டு. மருத்துவமனைக்கு எல்லா மதத்தினரும் வருகின்றனர். மத நம்பிக்கை அற்றவரும் வருகின்றனர். நோயில் கிடப்பவரால் மறுத்துப் பேச எளிதில் இயலாது. ரெய்கி முறை கத்தோலிக்க நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2009இல் அறிவித்தது. அம்மதத்தைச் சேர்ந்த நோயாளிக்கு, அவரைக் கேளாமலேயே இதைச் செய்தால் அவரது மனசாட்சியில் கைவைத்ததாகாதா? எல்லாச் சமயங்களையும் மதிக்கும் நெறியில் நிற்போர் இதை மற்றவர்களைவிட நன்கு உணரவேண்டும்.

ஆன்றோர் காட்டிய வழி

செவிலியருக்கு வேண்டியவை எவை என்பதை நம் மருத்துவ நூலே வகுத்துள்ளது. சரக சம்ஹிதையின் சூத்ரஸ்தானம் ஒன்பதாம் அத்தியாயம் சிகிச்சைக்கு நான்கு கால்களைக் கூறுகிறது: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. பணிவிடை செய்பவருக்கு உரிய குணங்களும் நான்கு: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. திருவள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக 'உழைச்செல்வான்' என்று பணிவிடையாளரைச் சேர்க்கிறார். பிராணனை நன்கறிந்த நாட்டில் எழுந்த அந்தச் சரகர் பட்டியலில் ஆற்றல் செலுத்தும் திறன் ஒரு குணமாகக் கூறப்படவில்லை. அறிவும் அன்பும் இணைபிரியாமல் கூறப்பட்டுள்ளன.

ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தொண்டைப் புற்றுநோய் கண்டபோது, மனத்தை அவ்விடத்தில் ஒருமுகப்படுத்தி நோயை நீக்கிக்கொள்ளலாமே என்று பண்டிதர் சசதரர் கூறினார். இறைவனுக்கு அளித்துவிட்ட மனத்தை இந்த எலும்பும் தசையுமான கூட்டுக்காகத் திரும்ப எடுப்பதா என்று அவர் மறுத்துவிட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர், 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். காசிப்பூர் தோட்ட வீட்டில் அன்னை ஸ்ரீசாரதாதேவியார் பத்திய உணவு சமைத்தார். இளம் சீடர்கள் இரவும் பகலும் முறைவைத்துப் பணிவிடை செய்தனர். அந்தப் பணிவிடையிலிருந்தே ஒரு துறவியர் சங்கம் உருவாயிற்று.

1899இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, சகோதரி நிவேதிதை சேரியின் ஒரு குடிசையில் நோயுற்ற குழந்தையை மடியில் ஏந்தி அமர்ந்திருந்ததை டாக்டர் ஆர்.ஜி. கர் பதிவு செய்துள்ளார். நோய்த்தொற்றைக் குறைக்க அக்குடிசைக்குச் சகோதரியே சுண்ணாம்பும் அடித்தார். நவீனச் செவிலியப் பணியின் அன்னையான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். ஆயினும் கிரிமியப் போரின் மரணங்களைக் கணக்கிட்டு, காயத்தைவிடத் தடுக்கத்தக்க நோய்களே வீரர்களை அதிகம் கொன்றன என்று காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். பக்தியும் கணக்கும் அவரிடம் பகைக்கவில்லை.

சங்கதி

ஆகவே முடிவு இதுவாகும்: ஆற்றல் புலத்தை நிர்ணயித்தல், அதைக் கையால் சீராக்குதல் ஆகியவை, சோதனையில் நிலைபெறும் வரை, செவிலியரின் தொழில் கடமைக்குள் சேரத்தக்கவை அல்ல, நோயாளியின் பதிவேட்டில் எழுதத்தக்கவையும் அல்ல. நோயாளி தம் விருப்பத்தால் பிரார்த்தனையை நாடினால் அதற்கு இடமளிக்கலாம். ஆனால் அதைச் சிகிச்சை என்று பெயரிடவோ, மருந்துக்கு மாற்றாகக் கூறவோ, அதற்குப் பொருள் பெறவோ கூடாது.

அப்படியானால் பிராணனுக்கு அங்கே இடமே இல்லையா? உண்டு, அது செவிலியரின் சொந்தச் சாதனையில் உள்ளது. தெரப்யூடிக் டச் முறையின் முதல் படியான மன ஒருமைப்பாடு ஒன்றே எந்தச் சோதனையாலும் மறுக்கப்படாதது. அது யாரிடமும் அனுமதி பெறவேண்டாதது. பணிக்குச் செல்லுமுன் சில நிமிடம் மூச்சைச் சீராக்கி, இஷ்ட தெய்வத்தை நினைத்து, 'இன்று இவ்வுருவங்களில் நீயே சேவையை ஏற்கிறாய்' என்று எண்ணிச் செல்பவரின் கை நடுங்காது, காது கூர்மையாகும், பதினோராவது முறை அழைக்கும் நோயாளியிடமும் சொல் கடுமையாகாது. ஊசி போடும் கையையும், வியர்வை துடைக்கும் கையையும், காய்ச்சல் குறிக்கும் கையையும் இயக்குவது அந்தப் பிராணனே. அதை நோயாளியின் உடலுக்கு மேல் தேடவேண்டியதில்லை. தம் கடமையை அறிவோடும் அன்போடும் தூய்மையோடும் செய்பவர், பிராணனை அதற்குரிய இடத்தில் வைத்து வழிபடுகிறார்.