நாய்க்குட்டி வந்தாச்சு... கோழிக்குஞ்சும் வந்தாச்சு!

குழந்தைகள் அடம்பிடித்து வாங்கிவிட்டார்களா? சந்தோஷம்! ஆனால், சில விஷயங்களில் உஷாராக இருங்கள்.

நாய்க்குட்டி: எட்டு வாரம் ஆன பிறகே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். வந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பூச்சி மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். 'குட்டிதானே, பல் லேசாத்தானே பட்டுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். மனிதருக்கு அது முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

கோழிக்குஞ்சு: முதல் வாரம் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் கதகதப்பு தேவை. அட்டைப்பெட்டிக்கு மேலே குண்டு பல்பைப் பத்திரமாகத் தொங்கவிடலாம். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை; ஓரமாக விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து அவசியம்.

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் வாந்திபேதி தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் குஞ்சுக்கு முத்தம் வேண்டாம். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சைத் தொடாமல் பார்த்து ரசிக்கட்டும்.

முக்கியமாக, குட்டியையும் குஞ்சையும் தனியாக ஒரே இடத்தில் விட்டுவிடாதீர்கள். விளையாட்டாகக் கவ்வினாலே குஞ்சு பிழைக்காது!